சிங்கத்தைப் பார்க்க 80-ல் பறக்கும் கார்கள்: சம்பளமே வாங்காமல் காட்டு ரோட்டில் காவல் நிற்பவர்கள் யார்?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்குப் போகும் தார் ரோடு. ஆற்றை ஒட்டிய மரம் ஒன்றில் சிறுத்தை படுத்திருக்கிறது. முதலில் ஒரு கார் நிற்கிறது. பத்து நிமிடத்தில் அது முப்பதாகிறது. பின்னால் வருபவர்களுக்கு மரமும் தெரியவில்லை, சிறுத்தையும் தெரியவில்லை. ஒருவர் சன்ரூஃபைத் திறந்து தலையை நீட்டுகிறார். இன்னொருவர் எதிர்த் திசையில் வண்டியைச் சொருகுகிறார். ரோடு இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்கிறது.

பள்ளி விடுமுறை நாட்களில் இந்த ரோட்டில் இது வழக்கமான காட்சிதான். இந்த நெரிசலுக்கு நடுவில் சீருடை போட்ட ஒருவர் வந்து, கண்ணாடியைத் தட்டி, "உங்களுக்குப் பார்க்கக் கிடைச்சிடுச்சுல்ல, கொஞ்சம் நகருங்க, மத்தவங்களும் பார்க்கட்டும்" என்கிறார். அவர் போலீஸ் இல்லை. பூங்காவின் சம்பளப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. வார நாட்களில் எங்கோ ஒரு நகரத்தில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ வேலை பார்ப்பவராக இருக்கலாம், ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம். அங்கே இவர்களை 'ஹானரரி ரேஞ்சர்ஸ்' என்கிறார்கள். கௌரவ வனக்காவலர்கள் என்று சொல்லலாம்.

அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் வேலை இவர்களுடையது அல்ல. அப்படியிருக்க ஒரு தேசியப் பூங்கா ஏன் இவர்களை நம்பியிருக்கிறது? இவர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

28 முதுமலை சேர்ந்தால் ஒரு க்ரூகர்

பரப்பளவில் இருந்து தொடங்குவோம். க்ரூகர் கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர். நம் முதுமலை புலிகள் காப்பகம் 688 சதுர கிலோமீட்டர். அதாவது, 28 முதுமலையைச் சேர்த்து வைத்தால் ஒரு க்ரூகர். வடக்கிலிருந்து தெற்காக சுமார் 360 கிலோமீட்டர் நீளம். சென்னையிலிருந்து சேலம் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

முக்கியமான வித்தியாசம் இன்னொன்று இருக்கிறது. முதுமலையில் காட்டுக்குள் சஃபாரி போக வேண்டுமென்றால் வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில்தான் போக முடியும். ஓட்டுநர் அவர்களுடைய ஆள். க்ரூகரில் அப்படி இல்லை. வாயிலில் கட்டணம் கட்டிவிட்டு உங்கள் சொந்தக் காரிலேயே உள்ளே போகலாம். வாடகைக் கார் என்றாலும் சரி, வீட்டில் இருக்கும் சின்ன ஹேட்ச்பேக் என்றாலும் சரி. தார் ரோடு, மண் ரோடு எல்லாம் சேர்த்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் பாதைகள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். அவர்களில் பலர் காட்டில் வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாதவர்கள்.

இது திட்டம் போட்டு வந்த நிலை இல்லை. 1926-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பார்வையாளர்களுக்குத் திறந்தபோது வந்த கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1928-ல் அது 180 ஆனது. 1929-ல் 850. காட்டைக் காரில் இருந்தபடியே பார்க்கலாம் என்ற அந்த யோசனைதான் க்ரூகரை உலகப் புகழ் ஆக்கியது. இன்றைய தலைவலியும் அதே யோசனையில் இருந்து வந்ததுதான்.

விதிகள் என்ன சொல்கின்றன?

தார் ரோட்டில் மணிக்கு 50 கிலோமீட்டர். மண் ரோட்டில் 40. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கையோ தலையோ ஜன்னலுக்கு வெளியே வரக் கூடாது. பாதையை விட்டு விலகி ஓட்டக் கூடாது. விலங்குகளுக்கு உணவு கொடுக்கக் கூடாது. மாலையில் கேட் மூடுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ரொம்ப எளிமையான விதிகள். ஆனால் இதில் கடைசி விதிதான் முதல் விதியை உடைக்க வைக்கிறது என்பது பலருக்கும் தெரியாது.

எப்படி? ஸ்குகூசாவில் இருந்து சட்டாரா முகாம் சுமார் 90 கிலோமீட்டர். 50-ல் எங்கேயும் நிற்காமல் போனாலே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் யானைக் கூட்டம் ரோட்டைக் கடந்தால் நிற்க வேண்டும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் மணிக்கு 25 கிலோமீட்டர் என்றுதான் கணக்குப் போட்டுக் கிளம்புவார்கள். புதிதாக வருபவர்கள் கூகுள் மேப் காட்டும் தூரத்தைப் பார்த்து, "தொண்ணூறுதானே, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்" என்று நினைக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குத்தான் உண்மை புரிகிறது. தாமதமாகப் போனால் அபராதம். கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறது.

பிரச்னை என்னவென்றால், வெயில் தாழும் அந்த நேரத்தில்தான் விலங்குகளும் எழுந்து நடமாடத் தொடங்குகின்றன. மனிதர்கள் அவசரப்படும் நேரமும் விலங்குகள் ரோட்டுக்கு வரும் நேரமும் ஒன்றாக வந்து மோதுகின்றன. நேராகவே மோதுகின்றன.

30 கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடும்?

கணக்கு சாதாரணமானது. எதையாவது பார்த்து, மூளைக்கு உறைத்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை நொடியிலேயே கார் 21 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்பதற்குள் நல்ல தார் ரோட்டில் மொத்தம் சுமார் 35 மீட்டர். 80-ல் அதே கணக்கு 68 மீட்டரைத் தொடுகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண் ரோட்டில் இன்னும் கூடும்.

இரண்டு பக்கமும் புல் ஆளுயரம் நிற்கும் இடத்தில் இம்பாலா மான் ஒன்று குதித்து வருவதற்கு 68 மீட்டர் முன்பே அதைப் பார்க்க வாய்ப்பே இல்லை.

அடிபடுவது மான்கள் மட்டும் இல்லை. க்ரூகரில் கழுதைப்புலிகள் ரோட்டுக்கு அடியில் போகும் மழைநீர்க் குழாய்களில் குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்குத் தார் ரோடுதான் விளையாட்டுத் திடல். ஆப்பிரிக்காவின் மிக அரிதான வேட்டை விலங்குகளில் ஒன்றான காட்டு நாய்கள், இளஞ்சூட்டுக்காகத் தார் ரோட்டிலேயே கூட்டமாகப் படுத்துக் கிடக்கும். பாம்புகளும் அப்படித்தான். ஒரு முயல் அடிபட்டால் அதைத் தின்ன வரும் பருந்தோ ஆந்தையோ அடுத்த காரில் அடிபடும். ஆமைக்கும் பச்சோந்திக்கும் ஓடித் தப்பிக்கும் வழியே இல்லை. சிங்கத்தைத் தேடித் தூரத்துப் புதரையே பார்த்துக்கொண்டு வருகிறவர் கண்ணுக்குச் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் ஆமை தெரியாது. 50-ல் போனாலும் தெரியாது. வேகக் கட்டுப்பாடு மட்டும் போதாது, கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அதே நாட்டின் அடோ யானைப் பூங்காவில் சாண வண்டுக்கு வழிவிடச் சொல்லியே ரோட்டில் போர்டு வைத்திருக்கிறார்கள். முதலில் படிப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த போர்டைப் படித்தவர் ரோட்டைப் பார்த்து ஓட்டத் தொடங்கிவிடுகிறார் என்பதுதான் அதன் சூட்சுமம்.

மனிதர்கள் நெருங்கிப் போவதன் விலை எப்படி இருக்கும் என்பதற்கு 2013 டிசம்பர் கடைசியில் நடந்தது ஒரு உதாரணம். க்ரூகரில் மதம் பிடித்த ஆண் யானை ஒன்று ஒரு காரைப் புரட்டிக் கவிழ்த்தது. காருக்குள் இருந்த வெளிநாட்டுப் பெண் படுகாயம் அடைந்தார். பின்னால் நின்ற காரில் இருந்து எடுத்த வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அந்த யானையைப் பூங்கா நிர்வாகமே கொன்றது என்ற தகவல் அந்த வீடியோ அளவுக்குப் பரவவில்லை. காட்டில் மனிதருக்கும் விலங்குக்கும் தகராறு வந்தால், தீர்ப்பு பெரும்பாலும் யாருக்கு எதிராக முடியும் என்பது தெரிந்ததுதானே.

சம்பள ரேஞ்சர்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்வி நியாயமானது. இத்தனை பெரிய பூங்காவில் ரேஞ்சர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகளாக அவர்களின் சக்தியில் பெரும்பகுதி வேறொரு போருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2014-ல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. அதில் 827 க்ரூகரில். துப்பாக்கியோடு இரவில் எல்லை தாண்டி வரும் கும்பலைத் துரத்தும் ரேஞ்சரை, பகலில் ஸ்பீட் கன் கொடுத்து ரோட்டோரம் நிறுத்துவது எந்த நிர்வாகத்துக்கும் கடினம்தான். போக்குவரத்து விதிகளுக்கென்று தனியாக அலுவலர்கள் இருந்தாலும், 2,000 கிலோமீட்டர் பாதைக்கு அவர்கள் எந்த மூலைக்கு?

அந்த இடைவெளியில்தான் தன்னார்வலர்கள் வருகிறார்கள். தென்னாப்பிரிக்க தேசியப் பூங்காக்கள் அமைப்பின் அங்கீகாரத்தோடு இயங்கும் பழைய அமைப்பு இவர்களுடையது. நாடு முழுக்கப் பகுதி வாரியாகக் கிளைகள் உண்டு. நினைத்தவுடன் சீருடை மாட்டிக்கொள்ள முடியாது. பயிற்சி எடுத்து, தகுதி பெற்ற பிறகுதான். பெட்ரோல் செலவு, போய்வரும் நேரம் எல்லாம் சொந்தக் கணக்கு. களைச்செடி பிடுங்குவது, குப்பை அள்ளுவது, பார்வையாளர்களுக்கு வழி சொல்வது, வேட்டைத் தடுப்புக்கு நிதி திரட்டுவது என்று இவர்கள் செய்யும் வேலைகள் பல. அதில் ஒன்றுதான் விடுமுறைக் காலக் கூட்டத்தில் ரோட்டில் நிற்பது.

ரோட்டில் இவர்கள் செய்வது பெரும்பாலும் மூன்று வேலை. நெரிசலான இடத்தில் வண்டிகளைப் பேசி நகர்த்துவது. விதி தெரியாதவருக்குச் சொல்லிப் புரியவைப்பது. சொல்லியும் கேட்காதவரின் நம்பர் பிளேட்டைக் குறித்து அதிகாரிகளுக்குத் தகவல் கொடுப்பது.

இரண்டாவது வேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. விதி மீறுகிற எல்லோரும் திமிரால் மீறுவதில்லை. முதல்முறை வந்த குடும்பம், குழந்தைக்கு வாந்தி, கதவைத் திறந்து இறங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அபராதத்தைவிட, "அந்தப் புதருக்குப் பின்னால் என்ன இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்க" என்று ஒருவர் சொல்வது பயன்படும். முதல் தடவையே அபராதச் சீட்டோடு வரும் அலுவலரைவிட, பேசிக்கொண்டே வரும் தன்னார்வலர் இந்த இடத்தில் நன்றாக வேலை செய்கிறார்.

'நீ யார் என்னைக் கேட்க?'

சிக்கல் மூன்றாவது வகை ஆட்களிடம்தான். விதி நன்றாகவே தெரிந்து, தெரிந்தே மீறுகிறவர்கள்.

இவர்களில் சுற்றுலாப் பயணிகள் மட்டும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிவரும் திறந்த சஃபாரி வண்டிகள் க்ரூகரில் நிறைய ஓடுகின்றன. அந்த வண்டியில் ஏறியவர் ஒரே நாளில் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தையும் பார்த்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். ஓட்டுநருக்குக் கிடைக்கும் டிப்ஸ் அதைப் பொறுத்தது. எங்கே என்ன நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டு அடுத்த இடத்துக்கு விரைகிறார்கள். பூங்காவுக்குள் ஓடும் சரக்கு வண்டிகள், கட்டட ஒப்பந்த வண்டிகள், ஊழியர்களின் வண்டிகள் மீதும் வேகம் குறித்த புகார்கள் உண்டு. தினமும் போகிற ரோடு என்பதால் அவர்களுக்கு அது காடாகவே தெரிவதில்லை.

இப்படிப்பட்ட ஒருவரை நிறுத்தி, 'மெதுவாகப் போங்கள்' என்று ஒரு தன்னார்வலர் சொன்னால், 'நீ யார் என்னைக் கேட்க?' என்ற பதில் வருவதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதிலும் இல்லை. அவர் எழுதிக் கொடுத்த வண்டி எண்ணின் மீது அன்றைக்கே நடவடிக்கை வந்தால், அடுத்த முறை அந்த ஓட்டுநர் சீருடையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பார். வாரக் கணக்கில் எதுவும் நடக்காவிட்டால், அந்தச் சீருடை வெறும் துணிதான். தன்னார்வலரின் பலம் அவர் கையில் இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கும் அலுவலகத்தின் வேகத்தில் இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சொந்தச் செலவில் பல நூறு கிலோமீட்டர் வந்து, நாள் கணக்கில் நிற்க எல்லோராலும் முடியாது. வசதியும் நேரமும் இருப்பவர்களால்தான் முடியும். பூங்காவை ஒட்டிய கிராமங்களில் வேலையில்லாத இளைஞர்கள் ஏராளம். அவர்களுக்குச் சம்பளத்தோடு கிடைத்திருக்க வேண்டிய வேலையைத் தன்னார்வலர்களைக் கொண்டு பூங்கா மலிவாக முடித்துக்கொள்கிறதோ என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தன்னார்வம் நல்ல விஷயம். அதைக் காரணம் காட்டி நியமனங்களைத் தள்ளிப்போட்டால், அது நிர்வாகத்தின் சோம்பல்.

போனில் வந்த புலி

இன்னொரு எதிராளியும் இருக்கிறார். பாக்கெட்டுக்குள். க்ரூகரில் எந்த விலங்கு எங்கே நிற்கிறது என்று பார்வையாளர்கள் உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளும் செயலி 2011-ல் வந்தது. தொடங்கியவர் அப்போது 15 வயதுப் பள்ளி மாணவர். செம ஹிட். ஆனால் 'சிங்கம், பாலத்துக்குப் பக்கத்தில்' என்று ஒரு செய்தி வந்தால், இருபது கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் கார்கள் எல்லாம் ஒரே இடத்தை நோக்கிக் கிளம்புகின்றன. வேகம், நெரிசல், ஓட்டுநர்களுக்குள் சண்டை, விலங்குகள் அடிபடுவது எல்லாம் கூடுகிறது என்று 2016-ல் தேசியப் பூங்காக்கள் அமைப்பு வெளிப்படையாகவே இத்தகைய செயலிகளுக்கு எதிராகப் பேசியது. தடை போடலாமா என்றும் யோசித்தது. ஆனால் போன் வைத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களின் வாயை மூடுவது எப்படி? ஒரு செயலியை நிறுத்தினால் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது.

அதே போன்தான் மறுபக்கம் சாட்சியாகவும் மாறியிருக்கிறது. 2025 ஜூலையில், கென்யா-தான்சானியா எல்லையை ஒட்டிய மாரா ஆற்றில், கரையைக் கடக்க வந்த வில்டபீஸ்ட் கூட்டத்துக்கு முன்னால் சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டு இறங்கி மறித்து நின்ற வீடியோ வெளியானது. அந்த வீடியோ இல்லையென்றால், வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற பழைய விதியை அரசுகள் மீண்டும் அழுத்திச் சொல்லும் நிலை வந்திருக்காது.

இந்தியாவில் என்ன நிலை?

இங்கே புலிகள் காப்பகங்களில் ஓடுவது பெரும்பாலும் பதிவு செய்யப்பட்ட ஜீப்புகள். ஓட்டுநர் யார், வழிகாட்டி யார் என்று வாயிலிலேயே பதிவாகிவிடுகிறது. அப்படியென்றால் கட்டுப்படுத்துவது எளிதாக இருக்க வேண்டும். ஆனால் 2024 டிசம்பர் 31 அன்று மகாராஷ்டிராவின் உம்ரேட் சரணாலயத்தில், ஒரு பெண் புலியையும் அதன் ஐந்து குட்டிகளையும் சஃபாரி வண்டிகள் முன்னும் பின்னும் மறித்து நின்றன. அதுவும் வீடியோவாக வெளிவந்த பிறகுதான், மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகும் ரோட்டின் கதை வேறு. அது பொது நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் மைசூருக்குப் போகிற காரும் சேர்ந்து ஓடுகிற ரோடு. அங்கே 2009-ல் இருந்து நடப்பில் இருக்கும் இரவு நேரத் தடை, இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை, ஒரு கேட்டைப் பூட்டினால் அமலாகிவிடுகிறது. பகலில் வண்டியை நிறுத்தி யானையோடு செல்ஃபி எடுக்க இறங்குபவரைத் தடுக்க எந்தக் கேட்டும் இல்லை. 2025 ஆகஸ்டில் பந்திப்பூரில் அப்படி இறங்கியவரை யானை துரத்தி மிதித்தது. உயிர் தப்பியவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் போட்டது. க்ரூகரில் ரோட்டோரம் நிற்கும் அந்தச் சீருடைக்காரருக்கு இங்கே வேலை இருக்கிறது என்றால், அது இந்தப் பகல் நேர ரோட்டில்தான்.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் இருக்கும் சுற்றுலா மண்டலங்களுக்குள் செல்போன் பயன்படுத்த அனுமதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. போன் இல்லையென்றால் வண்டிகள் ஒரே இடத்தில் குவிவது குறையும். ஆனால் உம்ரேட் போல ஒன்று மறுபடி நடந்தால் யார் படம் பிடிப்பது? ஜீப்புக்குள் இருக்கும் மூன்றாவது ஆளின் கண்ணும் மூடிவிட்டால், மிச்சம் இருப்பது ஓட்டுநரும் வழிகாட்டியும் மட்டும்தான்.

நீங்கள் அங்கே போனால்

க்ரூகரில் விதிமீறலைப் பார்த்தால் சண்டைக்குப் போக வேண்டாம், வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம். அங்கே ஒவ்வொரு ரோட்டுக்கும் எண் உண்டு. முக்கியப் பாதைகள் 'ஹெச்' எழுத்திலும், கிளைப் பாதைகள் 'எஸ்' எழுத்திலும் தொடங்கும். வண்டி எண், ரோட்டின் எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, நுழைவுச் சீட்டோடு தரும் அவசர அழைப்பு எண்ணில் சொல்லலாம். சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது. அடுத்த முகாமின் வரவேற்பறையிலும் சொல்லலாம். திரும்பும் நேரத்தை மணிக்கு 25 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.